லோரிமரின் நான்காம் காலகட்டம்

"முப்பத்தொரு வருசமா இந்த மைதானத்திலை நிக்கிறன். லோரிமர் துரை வைச்ச மண்ணிலை ஒரு பிடியைத்தன்னும் நான் அசைச்சதில்லை!"

2021ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், சென்-மெடார் கோல்ஃப் கழகத்தின் உணவு மண்டபத்தில், மொன்ட்ரியாலின் ரொக்ஸ்பரோவைச் சேர்ந்த புல்வெளிப் பராமரிப்பாளர் தியாகலிங்கம் இவ்வாறு முழங்கினார். முதலில் பிரெஞ்சில் முழங்கினார். பிறகு ஆங்கிலத்தில். மண்டபத்தில் தமிழ் விளங்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான் என்றாலும், குறை வைக்கக் கூடாதென்று தமிழிலும். மூன்று தடவையும் மேசையில் ஓங்கி அடித்தபடியால், பிரெஞ்சில் வினைச்சொல் தடம்புரண்டது ஒருவருக்கும் கேட்கவில்லை. கழகத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். ஒரு கிழட்டு உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்தக் கூற்றின் பாரதூரத்தை உணர்வதற்கு லோரிமர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

டங்கன் லோரிமர் ஸ்கொட்லாந்தில் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்து, 1909இல் மொன்ட்ரியாலில் வந்து இறங்கியவர். கோல்ஃப் மைதானம் வடிவமைப்பது அக்காலத்தில் ஒரு நாள் வேலை. லோரிமர் காலை ரயிலில் வருவார். தோளில் ஒரு சாக்கு, சாக்குக்குள் குழிக்கு ஒன்றாகப் பதினெட்டு மரக்குச்சிகள். யாரோ விற்றுவிட்டுப் போன பண்ணையைச் சுற்றி நடப்பார். மாடு படுத்த தடம் தெரிந்தால் அங்கே ஒரு குச்சி. காலாற உட்கார ஒரு கல் கிடைத்தால் அதனருகே இன்னொரு குச்சி. மாலை ரயிலுக்கு முன் பதினெட்டும் ஊன்றியாகிவிடும். மிச்சத்தைக் கூலிக்காரர் பார்த்துக்கொள்வார்கள். இப்படி நான்கு ஆண்டுகளில் இருபத்தாறு மைதானங்கள். ஆய்வாளர்கள் இதைக் குச்சிக் காலகட்டம் என்பர்.

அடுத்து, மைத்துனன் எப்போதும் தன்னைத் தோற்கடிக்கிறான் என்று ஒரு வங்கி முதலாளி அழுததால், லோரிமர் கண்ட இடமெல்லாம் மணற்குழி வெட்டினார். இது மணற் காலகட்டம். 1915இலிருந்து ஒன்பது வருடங்கள் அவர் ஒரு மைதானமும் அமைக்கவில்லை. நகரில் பியானோ விற்றார். இது மௌனக் காலகட்டம். 1924இல் சென்-மெடாருக்குத் திரும்பி வந்து, தாம் 1913இல் அமைத்த மைதானத்தில் சில திருத்தங்கள் செய்தார். இரண்டு வருடத்தில் இறந்துபோனார். அந்தக் கடைசித் திருத்தங்களே நீர்க் காலகட்டம் எனப்படுகின்றன. லோரிமரின் மேதைமை உச்சத்தைத் தொட்டது இங்கேதான் என்பது அறிஞர் துணிபு. நீர்க் காலகட்டத்துக்கு உலகில் ஒரே ஒரு சான்றே எஞ்சியிருக்கிறது: சென்-மெடாரின் ஏழாம் குழிக்கருகே, பாம்புபோல வளைந்து நெளிந்து கிடக்கும் நூற்றுப்பத்து மீற்றர் மண்மேடு.

அதைக் கட்டியவர் தியாகலிங்கம்.

கட்டியது 1998 ஏப்ரலில். அதற்கு முதல் வருடம்தான் அவரும் மனைவி சிவமலரும் மைதானத்தின் வேலிக்குப் பின்னால் ஒரு வீடு வாங்கியிருந்தார்கள். வீட்டை விற்றவர் பேஸ்மென்டைக் காட்டும்போது, "நல்ல குளிர்ச்சியான இடம்" என்றார். அந்தக் குளிர்ச்சியின் மூலகாரணம் அடுத்த வசந்தத்தில் தெரியவந்தது. பனி உருகியது, மைதானத்தின் மறுபக்கம் ஓடும் ஆறு ஏறியது, ஏழாம் குழியின் புல்வெளி குளமானது, குளம் வேலியைக் கடந்து, பேஸ்மென்டுக்குள் வந்து, சோஃபாவில் இருந்தது.

தியாகலிங்கம் ஊரில், இலங்கையின் பரந்தனில், பதினேழு ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் கட்டியவர். தண்ணீர் தவறான பக்கம் போனால் வரம்பு கட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒரு தீர்வு உலகில் இருப்பதாக அவருக்கு யாரும் சொன்னதில்லை. நகராட்சிக்கு எழுதலாம், காப்புறுதிக்காரனைக் கூப்பிடலாம், பம்ப் வாங்கலாம். அவர் மண்வெட்டி வாங்கினார். மூன்று சனிக்கிழமைகள். வேலியை ஒட்டி, மைதானத்தின் மண்ணை மைதானத்திலேயே வெட்டி, மைதானத்திலேயே வரம்பு கட்டி, மிதித்து, தட்டி, மேலே புல் விதையும் போட்டார். அப்போதைய மேற்பார்வையாளர் ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. அவர் வந்து பார்த்து, "இது என்ன?" என்றார். தியாகலிங்கம் "வடிகால்" என்றார். மேற்பார்வையாளர் ஜூன் மாதத்தை நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் வருடம் விளையாட வந்தவர்கள் திட்டினார்கள். பந்து வரம்பில் பட்டுத் திரும்பி வந்து காலடியில் விழுந்தது. ஐந்தாம் வருடம், ஏழாம் குழி கடினமானது என்று பெருமையாகச் சொன்னார்கள். பத்தாம் வருடம் அதற்குப் 'பாம்பு' என்று பெயர் வந்தது. பதினைந்தாம் வருடம், பாம்பு அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது என்று சொல்லும் உறுப்பினர்கள் தோன்றிவிட்டார்கள்.

பேஸ்மென்ட் காய்ந்தது. சிவமலர் அங்கே ஒரு கார்டெரி, அதாவது குழந்தைகள் காப்பகம், தொடங்கினார். ஆறு குழந்தைகள், ஆறு சின்னக் கட்டில்கள், சுவரில் அரசாங்க உத்தரவுப்பத்திரம். வருடத்துக்கு ஒரு தடவை ஒரு பெண் அதிகாரி வந்து சுவரின் அடியில் விரலை வைத்துப் பார்ப்பார். ஈரம் இருந்தால் பத்திரம் போய்விடும். இருபது வருடமாக விரல் காய்ந்தே வந்தது. அவ்விரல் காய்ந்திருக்க வேண்டுமென்பதற்காக, தியாகலிங்கம் ஒவ்வொரு ஏப்ரலிலும் புல் வெட்டுகிற சாட்டில் போய், வரம்பில் இடிந்த இடத்துக்கு நாலு மண்வெட்டி மண் போட்டு வந்தார்.

2021 கோடையில் கழகத்துக்கு ஞானம் பிறந்தது. மைதானத்தை லோரிமர் விட்டுப்போன நிலைக்கே மீட்பது என்றும், அவருக்குப் பின் வந்த எல்லாவற்றையும் இயந்திரம் கொண்டு வழிப்பது என்றும் முடிவெடுத்தார்கள். எது லோரிமருடையது என்று கண்டுபிடிக்க ஒரு நிலவரலாற்று ஆய்வாளரை நியமித்தார்கள். அவர் தக்ஷினி. திருகோணமலைக்காரர் ஒருவரின் மகள், மொன்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜில் பிறந்து வளர்ந்தவர், முப்பத்தாறு வயது, லோரிமரில் கலாநிதிப் பட்டம். உலகில் லோரிமரில் பட்டம் பெற்றவர் இவர் ஒருவர்தான் என்பதால், இவரோடு முரண்பட ஆளில்லை.

ஓகஸ்டில் ஒரு நாள், கையில் வரைபடமும் சிவப்பு, பச்சை என்று இரண்டு பென்சிலுமாக, தக்ஷினி வரம்பின்மேல் வந்து நின்றார். தியாகலிங்கம் புல்வெட்டியை நிறுத்தினார்.

"அங்கிள், இந்த மேடு எப்பவிருந்து இருக்கு?"

"ஏன் பிள்ளை கேக்கிறீர்?"

"லோரிமர் வைச்சதெண்டா பச்சை. பிறகு ஆரும் வைச்சதெண்டா சிவப்பு."

"சிவப்பெண்டா?"

"மெஷின் வந்து வழிச்சுப்போடும். தரைமட்டம்."

தியாகலிங்கம் வேலிக்கு அப்பால் பார்த்தார். வாசற்படியில் ஆறு சோடிச் சின்னச் சப்பாத்துகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"நான் வரேக்கையே இருந்தது," என்றார்.

"அப்பிடியோ!" தக்ஷினியின் கண் விரிந்தது. "சரி, ஏன் அங்கிள் அவர் நேரா வைக்கேல்லை? மூண்டு வளைவு இருக்கே."

முதல் வளைவு ஒரு மேப்பிள் மரத்தின் வேருக்காக. இரண்டாவது, நிலத்தடியில் போன தண்ணீர்க் குழாய்க்காக. மூன்றாவது, சாப்பிடப் போய்விட்டு வந்து மறுபடி தொடங்கியபோது நேர்கோட்டைத் தவறவிட்டதால்.

"துரைக்கு ஏதும் யோசினை இருந்திருக்கும்."

"என்ன யோசினை?"

"தண்ணி நேரா வந்தால் வேகமா வரும், பிள்ளை. வளைஞ்சு வந்தால் ஆறுதலா வரும். ஆறுதலா வாற தண்ணி மண்ணை அரியாது."

தக்ஷினி அதை அப்படியே எழுதிக்கொண்டார். அறிக்கையின் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் அது 'லோரிமரின் நீர்த் தத்துவம்' என்ற தலைப்பில் இருக்கிறது.

ஆக, ஒக்டோபர்க் கூட்டத்தில் தலைவர் கேட்ட கேள்வி, "மைதானத்தில் வேறு யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு என்ன உறுதி?" என்பது. எல்லோரும் தியாகலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார், முழங்கினார், மேசையில் அடித்தார். பாம்பு பச்சையானது.

இத்துடன் விஷயம் முடிந்திருந்தால் ஒரு சாதாரணப் பொய் ஒரு நல்ல காரியத்தைச் செய்ததாக எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நவம்பர் தொடக்கத்தில் தக்ஷினி மூச்சு வாங்க வீட்டுக்கே ஓடி வந்தார். ஆவணக் காப்பகமொன்றில் 1924ஆம் ஆண்டுத் திருத்த வரைபடம் அகப்பட்டிருந்தது. சமையலறை மேசையில் அதன் நகலை விரித்தார்.

"பாருங்கோ அங்கிள்! ஏழாம் குழி. இஞ்சை, இந்தக் கோடு!"

தியாகலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஏழாம் குழியின் அருகே, வேலி இருக்கிற பக்கமாக, மெல்லிய பென்சில் கோடு ஒன்று ஓடியது. அது வளைந்தது. எண்ணினார். மூன்று வளைவு.

"நீங்கள் சொன்னது முழுக்கச் சரி!" என்றார் தக்ஷினி.

தியாகலிங்கத்தின் துன்பம் அன்று தொடங்கியது. பொய் சொன்ன மனிதருக்கு, அது உண்மை என்று எழுத்தில் வந்து சேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப்பற்றி எந்த வழிகாட்டலும் இல்லை. தக்ஷினி போனதும் அவர் தேநீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு இருந்தார்.

"இஞ்சரும், நான் கட்டினது எண்டு உமக்கு நல்லா ஞாபகமோ?"

சிவமலர் குழந்தைகளின் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்ன கேள்வியப்பா இது? மூண்டு சனிக்கிழமையும் புட்டும் சம்பலும் வேலிக்கு மேலாலை நீட்டினது ஆருக்கு? லோரிமருக்கோ?"

"நான் கட்டினனான்தான். ஆனால் அடியிலை ஏற்கெனவே ஏதும் இருந்திருக்கலாமெல்லே? நான் ஏன் சரியா அந்த இடத்திலை தொடங்கினனான்?"

"எங்கடை வீடு அந்த இடத்திலை இருக்கிறபடியாலை."

"கொஞ்சம் உயரமா இருந்தமாதிரி ஒரு ஞாபகம். அது துரையின்ரை மிச்சமா இருக்கலாம்."

"முப்பது வருசமா அந்த மனுசன்ரை புல்லை வெட்டிவெட்டி, இப்ப அவர் உங்களுக்குள்ளை வந்திட்டார்," என்றார் சிவமலர். "நாளைக்குப் பியானோவும் விப்பியள்."

ஆனால் சிவமலரும் அன்று பின்னேரம் யன்னலால் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மெதுவாக, "அந்த நடு வளைவு முதலே இருந்ததோ?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

அந்தப் பென்சில் கோட்டைப்பற்றிக் கருத்துகள் பெருகின. அது பழைய ஓடையாக இருக்கலாம் என்றார் தலைவர். நடைபாதை என்றார் பொருளாளர். இப்போதைய மேற்பார்வையாளர் ரெஜான், நகல் எடுத்த இயந்திரத்தின் கண்ணாடியில் வெடிப்பு இருந்திருக்கும் என்றார். அவரை யாரும் மதிக்கவில்லை. தியாகலிங்கம் பனி விழும்வரை தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வரம்பை ஒரு தடவை பார்த்தார். சில நாள் அது தன்னுடையதாகத் தெரிந்தது. சில நாள், தொப்பியும் சாக்குமாக ஒரு வெள்ளைக்காரன் அதன்மேல் நடந்து போனதுபோலத் தெரிந்தது. ஒரு நாள் அந்த வெள்ளைக்காரன் கையில் மண்வெட்டி இருந்தது. அதைப் பிடித்திருந்த விதம் பரந்தன் பிடி.

மறு கோடையில் இயந்திரங்கள் வந்து, லோரிமருக்குப் பின் வந்தவற்றையெல்லாம் வழித்தன. பாம்பைச் சுற்றி நீலக் கயிறு கட்டினார்கள். பலகை நட்டார்கள். ஏறக் கூடாது, தோண்டக் கூடாது, வெட்டக் கூடாது. புல்லையும் வெட்டக் கூடாது. 1924இல் என்ன நீளத்தில் புல் இருந்தது என்பது தீர்மானிக்கப்படும்வரை அது தன் விருப்பத்துக்கு வளரலாம். இடுப்பளவு வளர்ந்தது. அதற்குள் பந்துகள் மறைந்தன. இவ்வளவு மதிப்பு வாய்ந்த ஒரு பொருளுக்கு இனி யாரும் ஏப்ரலில் நாலு மண்வெட்டி மண் போட முடியாது என்பதைத் தியாகலிங்கம் கயிற்றின் வெளியே நின்றபோதுதான் விளங்கிக்கொண்டார்.

நீண்ட புல்லைக் கண்டு மகிழ்ந்த ஒரேயொரு பிராணி மார்மொத். வளை தோண்டும் பெரிய எலியான அகழானுக்குக் கனடாக் குடியுரிமை கொடுத்து, நன்றாகச் சாப்பாடும் போட்டால் எப்படி இருக்கும், அதுதான் மார்மொத். அது லோரிமரையும் அறியாது, தக்ஷினியின் ஆய்வையும் வாசிக்கவில்லை. நடு வளைவில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, ஒரு அழகான துளையைப் போட்டுவிட்டுக் குளிர்காலம் முழுவதும் நித்திரை கொண்டது.

2023 ஏப்ரலில் பனி உருகியது. ஆறு ஏறியது. ஏழாம் குழி வழக்கம்போலக் குளமானது. ஒரு திங்கட்கிழமை காலை, வரம்பின் வீட்டுப் பக்கத்தில் சுண்டுவிரல் அளவு தண்ணீர் வந்துகொண்டிருப்பதைத் தியாகலிங்கம் கண்டார். செவ்வாயன்று அது பெருவிரல் அளவானது. பக்கத்து வீட்டு விமலநாதன் வேலியில் சாய்ந்து நின்று இதை ரசித்தார். அவருடைய பேஸ்மென்டில் பழைய தளபாடங்கள் மட்டுமே இருந்தன.

"என்ன தியாகண்ணை, பாம்பு மூத்திரம் பெய்யுது போலை?"

"பகிடி விடாதை."

"மண்ணை ஒரு பிடியும் அசைச்சதில்லை எண்டு மூண்டு பாசையிலை சொன்னனீங்களாம். இனி துரையைத்தான் கூப்பிட வேணும். எந்த மயானமெண்டு விசாரிச்சு வைக்கட்டே?"

தியாகலிங்கம் உள்ளே போய்த் தக்ஷினியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளை, வரம்பிலை ஓட்டை விழுந்திட்டுது. நான் ரெண்டு மண்வெட்டி மண் போட்டு அடைக்கிறன்."

"ஐயோ அங்கிள், தொட்டுப்போடாதேங்கோ! ஓட்டை எப்பிடி இருக்கு? வட்டமோ?"

"வட்டம்தான். எலி வேலை."

"வட்டமெண்டால்..." தக்ஷினியின் குரலில் ஓர் ஒளி தெரிந்தது. "லோரிமர் வைச்ச மதகாயும் இருக்கலாம். நீர்க் காலகட்டத்திலை மதகு இருந்திருக்க வேணுமெண்டு நான் எழுதியிருக்கிறன். குழுவைக் கூட்ட வேணும். மூண்டு கிழமை எடுக்கும்."

"மூண்டு கிழமையோ! பிள்ளை, தண்ணிக்கு அது தெரியாது."

"சரி, நாளைக்குக் காலமை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து பாக்கிறன். ஆனால் தொடக்கூடாது. நீங்கள்தானே சொன்னனீங்கள், அது லோரிமர் வைச்சதெண்டு?"

"ஓம்," என்றார் தியாகலிங்கம். தன்னுடையது என்றால் இயந்திரம் வரும். லோரிமருடையது என்றால் தண்ணீர் வரும். யாருடையது என்று இப்போது கேட்டால் அவரால் சத்தியம் பண்ணவும் முடியாது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, தலைவர், பொருளாளர், ரெஜான், தக்ஷினி ஆகிய நால்வரும் முழங்கால் சப்பாத்து அணிந்து, வரம்பருகே நின்றார்கள். துளை மணிக்கட்டு அளவாகியிருந்தது. தக்ஷினி அதைப் படம் எடுத்தார். பொருளாளர் அதன் விட்டத்தை அளந்தார். அது மதகா, எலி வளையா என்று பிரெஞ்சில் ஒரு நாகரிகமான விவாதம் நடந்தது. தண்ணீர் புல்லின் மேலாக, வேலிக்கு அடியால், பேஸ்மென்ட் யன்னலுக்கு ஒரு முழத் தூரம்வரை வந்துவிட்டது. யன்னலின் உட்பக்கத்தில் ஆறு மூக்குகள் கண்ணாடியில் அழுந்தியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் சிவமலர், ஆறு கட்டில்களையும் ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து நகர்த்திக்கொண்டிருந்தார். அவர் வெளியே பார்க்கவில்லை. கணவரைக் கூப்பிடவும் இல்லை.

தியாகலிங்கம் வீட்டின் பக்கவாட்டில் நின்று அதைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியையும் ஒரு தள்ளுவண்டியையும் எடுத்துக்கொண்டு, படலையைத் திறந்து, மைதானத்துக்குள் போனார்.

மண் வேண்டும். சுற்றிலும் எல்லாம் தண்ணீர். வண்டி தள்ளக்கூடிய தூரத்தில் காய்ந்து கிடந்தது ஒரே இடம்: ஏழாம் குழிக்குப் பந்தடிக்கத் தொடங்கும் சதுர மேடு. அதைப்பற்றி மட்டும் எந்த அறிஞருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. 1913இல் எடுத்த புகைப்படத்தில் லோரிமர், தொப்பியோடு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அதன்மேல்தான் நிற்கிறார்.

தியாகலிங்கம் அந்த மேட்டில் ஏறி, காலால் ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, மண்வெட்டியை இறக்கினார். நல்ல மண். கொழுப்பு மண். வண்டி நிறைய வெட்டினார்.

"அங்கிள்!" என்று கத்தினார் தக்ஷினி. "அங்கிள், என்ன செய்யிறீங்கள்? அது ஒரிஜினல்!"

அவர் வண்டியை வரம்புக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நீலக் கயிற்றைத் தூக்கி, குனிந்து, உள்ளே போனார். முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, முதலில் ஆற்றுப் பக்கத்து வாயைத் தேடிக் கால் பெருவிரலால் கண்டுபிடித்தார். புல்லோடு ஒரு கட்டி மண்ணை வைத்து, குதிக்காலால் மிதித்தார். அதன்மேல் இன்னொரு கட்டி. மண்வெட்டியின் முதுகால் மூன்று தட்டு. பிறகு வரம்பின்மேல் ஏறி, வளைவின் தோளில் மண்ணை இழுத்து விட்டார். புது மண் பழைய வளைவோடு சேர்ந்து, சேர்ந்த இடம் தெரியாமல் போனது.

வீட்டுப் பக்கத்தில் தண்ணீர் மணிக்கட்டு அளவிலிருந்து பெருவிரலுக்கும், பெருவிரலிலிருந்து சுண்டுவிரலுக்கும் வந்து, பிறகு நின்றது.

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரெஜான் அவர் முழங்கையைத் தொட்டார். தக்ஷினி, கயிற்றின் வெளியே நின்று, அந்தக் கைகள் வளைவை எப்படி இழுக்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்தார். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தை எழுதியவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் கமராவைப் பைக்குள் வைத்து, பையை மூடினார்.

வரம்பு இன்னும் அரை அடி உயர வேண்டியிருந்தது. தியாகலிங்கம் வெற்று வண்டியைத் திருப்பி, லோரிமரின் மேட்டுக்கு மறுபடி தள்ளிக்கொண்டு போனார்.